லாந்தர்க்காரிக்கு நிறம் வந்துவிட்டது

அன்புள்ள ரப்பருக்கு,

நலம். நீயும் நலம் என்றே எடுத்துக்கொள்கிறேன். பதில் போடாமல் இழுத்தடித்ததற்கு இந்நேரம் என்னைத் திட்டி முடித்திருப்பாய். மிச்சம் இருந்தால் அதையும் திட்டிவிட்டு அடுத்த வரிக்கு வா.

லாந்தர்க்காரியைக் கணினியில் வரைந்து முடித்துவிட்டேன்.

அவளேதான். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பிறந்து, டீச்சர் கையில் சிக்கி, நம் இருவரையும் வெளியே நிற்க வைத்தவள். இப்போது முழு நிறத்தில், தலை முதல் கால் வரை, கையில் லாந்தரோடு நிற்கிறாள். படத்தை இந்தக் கடிதத்தோடு வைக்கவில்லை. வைத்தால் அதை முதலில் பார்ப்பாய், "மூக்கு சரியில்லை" என்று ஒரு வரி எழுதுவாய், போய்ப் படுத்துக்கொள்வாய். எனக்குத் தெரியாதா உன்னை? முதலில் இதைப் படி.

உட்கார்ந்ததும் நேராக முகத்தை வரைய ஆரம்பிப்பது நம் பழைய வழக்கம். இந்த முறை முகத்தைத் தொடவே இல்லை. கட்டைவிரல் அளவில் சின்னச் சின்ன உருவங்களாகப் போட்டு, ஒவ்வொன்றின் உள்ளேயும் கறுப்பை ஊற்றினேன். கண், மூக்கு, உடை எதுவும் இல்லாமல் வெறும் நிழலுருவத்தை வைத்தே இவள் யார், என்ன செய்கிறாள் என்று தெரிய வேண்டும். நீ அந்தக் காலத்தில் போட்டபடி லாந்தரை வயிற்றுக்கு முன்னால் பிடிக்க வைத்துப் பார்த்தேன். கையும் தெரியவில்லை, விளக்கும் தெரியவில்லை, ஒரு மூட்டை நிற்கிறது. கையை உடம்பிலிருந்து விலக்கி, இடுப்புக்கும் முழங்கைக்கும் நடுவே கொஞ்சம் வெற்றிடம் விட்டதும்தான் ஆள் ஆனாள். உருவத்தை அடையாளம் காட்டுவதில் பாதி வேலை அந்த வெற்றிடத்துடையது.

லாந்தரையும் தோள் உயரத்துக்குத் தூக்கிவிட்டேன். சண்டைக்கு வராதே, காரணம் இருக்கிறது. வெளிச்சம் கீழேயிருந்து அடித்தால் மோவாயின் அடிப்பக்கமும் மூக்கின் அடிப்பக்கமும் ஒளிரும், கன்னமேட்டின் நிழல் மேல்நோக்கி ஏறும். வெளிச்சம் மேலிருந்து வருவதையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது பேய்முகம். உன் அண்ணன் அவளைப் "பேய், பேய்" என்று கேலி செய்ததற்கு அதுதான் காரணம், உன் கை இல்லை. இவ்வளவு வருஷம் கழித்தாவது அவருக்கு இதைச் சொல்லிவிடு.

அளவைப் பற்றி நீளமாக எழுதப்போவதில்லை. சாதாரணமாக வளர்ந்த ஆளுக்கு ஏழு, ஏழரைத் தலை உயரம் என்பார்கள். இவளுக்கு ஐந்தரை கொடுத்தேன், கொஞ்சம் சின்னப்பெண் சாயல் வரட்டும் என்று. கண்ணைத் தலையின் சரிபாதியில் வைத்தேன். நெற்றிக்கும் உச்சிக்கும் இடம் விடாமல் கண்ணை மேலே ஏற்றிவிடுவது எல்லாருக்கும் வரும் வியாதி. கேன்வாஸ் ஏ4 அளவு, 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), அதாவது 2480-க்கு 3508 பிக்சல். அச்சடித்தால் மங்கக் கூடாது என்பதற்காக. யார் அச்சடிக்கப் போகிறார்கள் என்று கேட்காதே.

இனிமேல்தான் விஷயமே. உன் கடிதத்தில் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாய், கை நடுங்குகிறது, கோடு நேராக வரவில்லை, இனிமேல் வரைவதாக இல்லை என்று. அதைப் படித்துவிட்டுத்தான் நான் இந்தப் படத்தைக் கையில் எடுத்தேன். கோபத்தில் எடுத்தேன் என்றே வைத்துக்கொள்.

நடந்ததைச் சொல்கிறேன், கேள். ஸ்கெட்ச் நன்றாக வந்தது. தோள் சரிவும், விளக்கின் கனத்துக்கு உடம்பு மறுபக்கம் சாய்வதும், காற்றில் போர்வை விலகுவதும் எல்லாம் இருந்தது. அதன் மேல் புது லேயர், அதாவது கண்ணாடித்தாள் மாதிரி ஓர் அடுக்கு, போட்டு, சுத்தமாகக் கோடு இழுத்தேன். இழுத்து முடித்து ஸ்கெட்ச் லேயரை அணைத்தால், அதே தோள், அதே சாய்வு, ஆனால் ஆள் செத்துப்போயிருக்கிறாள். எங்கும் பிசகில்லை, எங்கும் உயிருமில்லை. டிஜிட்டலில் வரைகிற யாரைக் கேட்டாலும் இந்தப் புலம்பல்தான். ஸ்கெட்ச் அழகு, லைன் ஆர்ட் கட்டை.

ஏன் அப்படி ஆகிறது என்று உட்கார்ந்து யோசித்தேன். ஸ்கெட்சில் ஒரு கன்னத்துக்கு நாலைந்து கோடு ஓடுகிறது. பார்க்கிறவர் கண் அதில் தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்கிறது, மற்றதைத் தள்ளிவிடுகிறது. அதாவது பாதிப் படத்தை அவரே வரைந்துகொள்கிறார். நான் ஒரே கோட்டை நிறுத்தியதும் அவருக்கு வேலை இல்லாமல் போகிறது. இன்னொன்று வேகம். ஸ்கெட்ச் போடும்போது என் கண் தோளைப் பார்த்தது. பிரதி எடுக்கும்போது அடியில் இருக்கும் கோட்டைப் பார்த்தது, அதை விட்டு விலகிவிடக் கூடாதே என்ற பயத்தில் கை ஊர்ந்தது. ஊர்ந்து போட்ட கோடு ஊர்ந்த மாதிரியேதான் இருக்கும்.

அதனால் பிரதி எடுப்பதை விட்டேன். ஸ்கெட்சின் ஒபாசிட்டியை நன்றாகக் குறைத்து, இருக்கிறதா இல்லையா என்று தெரிகிற அளவுக்கு மங்கவைத்து, அதன் மேல் இரண்டாவது ஸ்கெட்ச் போட்டேன். லைன் ஆர்ட் இல்லை, இன்னொரு ஸ்கெட்ச், கொஞ்சம் தெளிவானது. அதிலேயே நல்ல கோடுகளை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கினேன். போர்வையின் நீளமான விளிம்பை மணிக்கட்டால் வரையாமல் தோளிலிருந்து கையை வீசி ஒரே இழுப்பில் இழுத்தேன், சரியாக வரும் வரைக்கும் அன்டூ, போட்டதை நீக்கிவிட்டு மறுபடி. ("கம்ப்யூட்டரே வரைந்துவிடுகிறதாமே" என்று உன் அண்ணன் கேட்டால் சொல், இந்தப் படத்தில் கம்ப்யூட்டர் தானாகச் செய்தது அன்டூ ஒன்றுதான். அதையும் நான்தான் அழுத்தினேன்.)

கோட்டின் தடிமனும் பேச வேண்டும். லாந்தர் பக்கம் இருக்கும் கோடுகளை மெல்லியதாக்கி, சில இடத்தில் அறுத்தே விட்டேன். வெளிச்சம் அதிகம் படுகிற இடத்தில் விளிம்பு கரைந்துபோவது இயல்புதானே. இருட்டுப் பக்கத்திலும், போர்வை கழுத்தோடு ஒட்டுகிற இடத்திலும், ஒரு மடிப்பு இன்னொரு மடிப்புக்கு அடியில் நுழைகிற இடத்திலும் தடிமன். இப்போது வரும் டேப்லெட் பேனாக்களில் 8192 அழுத்த நிலைகள் உண்டு என்று விளம்பரம் செய்கிறார்கள். என் கைக்குத் தெரிந்தது மூன்று: மெல்ல, நடுவாக, கோபமாக. அதுவே போதுமாக இருந்தது.

இப்போது உன் நடுக்கத்துக்கு வருகிறேன். ஸ்டெபிலைசர் என்று ஒன்று வரைகிற மென்பொருள் பலவற்றில் இருக்கிறது. பேனா போன தடத்தைச் சராசரி பார்த்து, குலுக்கலைச் சமன் செய்து, கொஞ்சம் பின்தங்கி வந்து கோட்டைப் போடும். நடுங்கும் கைக்கு அது நிஜமான உதவி, இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் அளவு கூடினால் வளைவெல்லாம் ஒரே ஜாடையாகிவிடும், முழங்கை மாதிரியான கூர் முனைகள் மழுங்கும், துணி மடிப்பு கம்பி வளைத்ததுபோல நிற்கும். குறைவாக வைத்துக்கொண்டு, ஜூமைக் குறைத்து, பெரிய வீச்சாக இழுத்தால் நடுக்கம் கோட்டில் சரியாகவே தெரியாது. நடுக்கம் தெரிவது சின்ன, மெதுவான கோட்டில்தான்.

இதையெல்லாம் விட்டுவிடு. நேராக ஒன்று சொல்கிறேன். நம் இருவரில் பார்க்கத் தெரிந்தவள் நீ. விளக்கைத் தூக்கினால் எந்தத் தோள் இறங்கும் என்று எனக்கு எடுத்துச் சொன்னவள் நீ. அதைச் சொல்வது கண், கை இல்லை. கண் நடுங்குகிறது என்று எழுது, அப்போது ஒப்புக்கொள்கிறேன்.

சரி, திட்டு முடிந்தது. நிறத்துக்கு வா.

பிளாட் கலர், அதாவது நிழல் இல்லாத தட்டை நிறம், போடுவது சுத்தமான கூலி வேலை. தோல், முடி, போர்வை, பாவாடை, லாந்தர் ஒவ்வொன்றுக்கும் தனி லேயர், பக்கெட் கருவியால் ஊற்று. ஊற்றும்போது தேர்ந்தெடுத்த பகுதியை ஒன்றிரண்டு பிக்சல் விரிக்காவிட்டால் கோட்டின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு நூல் தெரியும். நிழல் லேயரை பிளாட்டின் மேல் கிளிப் செய்துவிட்டால் எல்லை தாண்டி வழியாது. அவ்வளவுதான். ஃபோட்டோஷாப்பில் லேயர் வந்ததே 1994-இல், மூன்றாம் பதிப்பில்தான். அதற்கு முன் ஒரே பரப்பில் எப்படித்தான் சமாளித்தார்களோ, புண்ணியவான்கள். இந்தக் கட்டத்தில் படம் பார்க்கச் சகிக்காது. பயந்து நிறுத்திவிடாமல் தாண்ட வேண்டும்.

நிறம் சரியா என்று பார்ப்பதற்கு முன்னால் வெளுப்புக் கறுப்பு சரியா என்று பார்க்க வேண்டும். இதில் ஒரு சூது இருக்கிறது. படத்தை டீசாச்சுரேட் செய்து, அதாவது நிறத்தை உறிஞ்சிவிட்டு, பார்த்தால் மென்பொருள் பொய் சொல்லும். ஃபோட்டோஷாப்பில் பளீர் மஞ்சளும் பளீர் நீலமும் அப்படிச் செய்தால் ஒரே சாம்பலாக வந்து நிற்கும். நம் கண்ணுக்கு அப்படியா இருக்கிறது? பிரகாசத்தை உணர்வதில் பச்சைக்குச் சுமார் 72 சதவீதப் பங்கு, சிவப்புக்கு 21, நீலத்துக்கு வெறும் 7. அதனால் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கறுப்பு லேயர் வைத்து அதன் மோடை, அதாவது அடியில் உள்ளதோடு கலக்கும் விதத்தை, 'கலர்' என்று மாற்றினேன். நிறம் போய் வெளுப்பும் கறுப்பும் மட்டும் மிஞ்சும். அப்போதுதான் உண்மை தெரிந்தது, போர்வையும் பின்னணி இருட்டும் ஒரே அடர்த்தி. அவளுடைய இடது தோள் எங்கே முடிகிறது என்று கடவுளுக்கே வெளிச்சம். பின்னணியை ஒரு படி ஏற்றியதும் தோள் வெளியே வந்தது.

நிழல் என்றால் சாம்பல் பூசுவது என்றுதான் நாம் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தோம். மல்டிப்ளை மோட் என்ன செய்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். (டீச்சர் கேட்டால் மயங்கி விழுவார்.) ஒவ்வொரு நிறக்கூறையும் பெருக்கி 255-ஆல் வகுக்கிறது, அவ்வளவே. அவள் கன்னம் சிவப்பு 230, பச்சை 180, நீலம் 140 என்று வைத்துக்கொள். மேலே 150, 150, 150 என்று சாம்பல் வைத்தால் கிடைப்பது 135, 106, 82. அதே தோல், கரி தேய்த்த மாதிரி. சாம்பலுக்குப் பதிலாக 150, 150, 200 என்று ஊதாச் சாயலுள்ள நீலம் வைத்தால் 135, 106, 110. மாறியது நீலக்கூறு ஒன்றுதான், ஆனால் கன்னத்தில் ராத்திரி வந்துவிட்டது. லாந்தர் வெளிச்சம் எட்டாத இடத்தில் படுவது வானத்தின் வெளிச்சம், அதனால் நிழலுக்கும் அந்தச் சாயல் வேண்டும். எந்த வெளிச்சம் நிழலை நிரப்புகிறது என்று கேட்டுக்கொண்டால் நிழலின் நிறம் தானாக வந்துவிடுகிறது.

இதைவிட வேடிக்கை போர்வையில். அதன் நிழலுக்கு நான் வைத்தது கிட்டத்தட்டச் சுத்தமான சாம்பல். பக்கத்தில் லாந்தரின் ஆரஞ்சு இருப்பதால் அது நீலமாகத் தெரிகிறது. நிறத்தை எடுத்துக் காட்டும் ஐட்ராப்பர் கருவியால் தொட்டுப் பார்த்தால் நீலம் பேருக்குக்கூட இல்லை. இதை முறையாக ஆராய்ந்து விதியாகச் சொன்னவர் ஷெவ்ரூல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். பாரிஸ் கோபெலின் நெசவுப் பட்டறையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர். கறுப்புச் சாயம் வலுவில்லாமல் தெரிகிறது என்று புகார் வந்தபோது, குற்றம் சாயத்தில் இல்லை, பக்கத்தில் நெய்த நிறத்தில் இருக்கிறது என்று கண்டார். 1839-இல் அதை விரிவாக எழுதி வெளியிட்டார். அவர் நெசவு நூலுக்குச் சொன்னது நம் திரைக்கும் அப்படியே செல்லுகிறது. இதற்குப் பிறகு நான் நிறங்களைத் தனியாகத் தேர்ந்தெடுப்பதையே விட்டுவிட்டேன். பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் அடுத்ததைத் தொடுகிறேன்.

விளக்கு என்றால் இன்னொரு கணக்கும் உண்டு. தூரம் இரு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்கு, மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்று. சூரிய வெளிச்சத்தில் தலைக்கும் காலுக்கும் வித்தியாசம் தெரியாது, லாந்தரில் அதுதான் எல்லாமே. விரல்கள் கண்ணைக் கூசவைக்க வேண்டும், கன்னம் நன்றாகத் தெரிய வேண்டும், அந்தப் பக்கத்துக் காது பாதி இருட்டில், பாதம் இருக்கிறதா என்றே சந்தேகம் வர வேண்டும். பாதத்துக்கு நான் ஆசை ஆசையாகப் போட்ட கொலுசு மொத்தமும் இருட்டில் போய்விட்டது. வயிற்றெரிச்சல்தான். ஆனாலும் விட்டுக்கொடுத்தேன்.

இனி நீ கட்டாயம் பார்க்க வேண்டிய இடம் விரல்கள். லாந்தர்க் கண்ணாடியைக் காற்றுக்கு மறைத்துப் பிடித்திருக்கிற இடது கை. விளக்கை உள்ளங்கையால் மூடிப் பார்த்திருப்பாய், விரலிடுக்கில் சிவப்பாக ஒளிருமே, அது. ரத்தம் பச்சையையும் நீலத்தையும் பெரும்பாலும் விழுங்கிக்கொண்டு சிவப்பை வெளியே விடுகிறது. அதனால் விரல் ஓரங்களுக்கு வெள்ளையோ மஞ்சளோ வைக்காமல் அடர்ந்த சிவப்பு ஆரஞ்சு வைத்தேன், நகத்தை ஒட்டி இன்னும் கொஞ்சம் கூட்டி. கன்னத்திலும் வெளிச்சம் நிழலாக மாறுகிற அந்த மெல்லிய எல்லையில் மட்டும் சிவப்பை ஒரு இழை ஓட்டினேன். வெளிச்சம் தோலுக்குள் புகுந்து சிதறி வெளியே வருவதால் அங்கே நிறம் ஏறும். இந்த இழை ஓடியதும்தான் முகம் பிளாஸ்டிக்கிலிருந்து சதையானது. போர்வைக்கு இதைச் செய்யக் கூடாது, செய்தால் போர்வையும் சதையாகிவிடும், பார்க்கவே கிலி.

கண்ணின் வெள்ளைப்பகுதிக்குச் சுத்த வெள்ளை வைக்கவில்லை. மேல் இமையின் நிழல் கருவிழியின் தலையிலும் வெள்ளைப்பகுதியிலும் விழ வேண்டும், அது இல்லாவிட்டால் முறைக்கிறாள். படத்திலேயே மிகவும் பளிச்சென்ற வெள்ளை இரண்டு இடத்தில் மட்டும், லாந்தரின் சுடரிலும் அவள் கண்ணில் விழும் அதன் பிரதிபலிப்பிலும். கடைசியில் கோட்டு லேயரை ஆல்ஃபா லாக் செய்து (கோட்டைத் தவிர வேறெங்கும் நிறம் ஒட்டாது) கறுப்பை எடுத்தேன். விளக்குப் பக்கம் செம்பழுப்பு, இருட்டுப் பக்கம் கருநீலம். கோடு இருக்கிறது, ஆனால் வேலி போட்டமாதிரி தெரியவில்லை. நடுநடுவே படத்தை இடவலமாகப் புரட்டிப் பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் தாடை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது. கண் பழகிப்போனதைக் கண்டுபிடிக்க அதைவிட மலிவான வழி இல்லை.

முடியை மட்டும் பேசவேண்டாம். கற்றை கற்றையாகப் போட வேண்டியதை ஒவ்வொரு இழையாகப் போட ஆசைப்படும் கையைக் கட்டிவைப்பதிலேயே என் பொறுமை போய்விட்டது.

எல்லாம் சரி, இடது கையின் வடிவம் எனக்குத் திருப்தியில்லை. நிறம் நன்றாக இருக்கிறது, எலும்பு இல்லை. விரல்கள் கண்ணாடியைச் சுற்றி வளைகிற அந்தத் திருப்பம் உனக்கு வரும், எனக்கு வராது, என்றைக்கும் வந்ததில்லை. அதனால் அந்தக் கையை நீ போட்டுத் தருகிறாய். பென்சிலில், தாளில், எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும். நடுங்கினால் நடுங்கட்டும், நான்கு கோடு ஓடினால் ஓடட்டும், எனக்கு வேண்டியது எதுவென்று நான் எடுத்துக்கொள்கிறேன். எதையும் அழித்து மட்டும் வைக்காதே. ஃபோனில் படம் எடுத்து அனுப்பாதே, ஓரம் கோணும், உன் தலை நிழல் விழும். ஸ்கேன் செய், 300 டிபிஐ, கிரேஸ்கேல். அப்புறம் டிஜிட்டலில் கை வைக்க ஆசை வந்தால் கிரிட்டா என்ற வரையும் மென்பொருளை இறக்கிக்கொள், காசு வேண்டாம். அதில் கீபோர்டின் 'M' விசையைத் தட்டினால் படம் இடவலமாகப் புரளும், ஸ்டெபிலைசரும் இருக்கிறது.

கை வந்ததும் அவளுக்கு அடுத்து அந்தக் கொட்டாவிப் பையன். அவனுக்கு என்ன உடை என்று இப்போதே யோசித்து வை, நீ சொன்ன அந்தக் கோடு போட்ட சட்டை மட்டும் வேண்டாம், மடிப்போடு சேர்ந்து கோடு வளைய வேண்டும், எனக்கு உயிர் போய்விடும்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மைக்கூடு

பி.கு.: படம் தனியாக வருகிறது, பிஎன்ஜி கோப்பாக. ஜேபெக்காக மாற்றி யாருக்கும் அனுப்பாதே, அந்தச் சிவப்பு ஓரமெல்லாம் கலங்கிவிடும். பார்க்கும்போது திரையின் இரவு நேர மஞ்சள் மோடை அணைத்துவிட்டுப் பார். இல்லாவிட்டால் ராத்திரி நீலம் போயே போய்விடும், நீ என்னைக் குறை சொல்லுவாய்.